இசையையும் புள்ளிகளில் எழுதியவர்: லூயி பிரெய்ல்

சனவரி 4ஆம் நாளை உலக பிரெய்ல் நாளாக ஐக்கிய நாடுகள் நிறுவனம் 2019ஆம் ஆண்டு முதல் கடைப்பிடித்து வருகிறது. லூயி பிரெய்ல் பிறந்த நாள் அது. பார்வையற்றோர் விரலால் தொட்டுப் படிக்கும் எழுத்தைத் தந்தவர் என்று அவரை நாம் எல்லாருமே அறிவோம். பள்ளிப் பாடநூல்கள் அந்த அளவோடு நின்றுவிடுகின்றன. அவர் பாரிஸ் நகர ஆலயங்களில் ஆர்கன் வாசித்தவர் என்பதோ, 1829இல் வெளிவந்த அவரது முதல் நூலின் தலைப்பிலேயே சொற்கள், இசை, திருவழிபாட்டுப் பாடல் ஆகிய மூன்றையும் புள்ளிகளால் எழுதும் முறை என்று குறிப்பிட்டிருந்தார் என்பதோ நம்மில் பலருக்குத் தெரியாது. எழுத்துக்குப் பிறகு போனால் போகட்டும் என்று இசையைச் சேர்த்தவர் அல்ல அவர். தொடக்கத்திலிருந்தே இரண்டும் ஒன்றாகவே அவர் மனத்தில் இருந்தன. அந்த இசைக்காரரைப் பற்றித்தான் இங்கே பார்க்கவிருக்கிறோம்.

பாரிசுக்குக் கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிற்றூர் கூப்வ்ரே. அங்கே குதிரைச் சேணமும் கடிவாள வார்களும் செய்யும் சிமோன் ரெனே பிரெய்ல், மோனிக் பரோன் தம்பதியரின் கடைசிப் பிள்ளையாக 1809ஆம் ஆண்டு லூயி பிறந்தார். மூன்று வயதில், தந்தையின் பட்டறையில் விளையாடிக்கொண்டிருந்தபோது தோலைத் துளைக்கும் கருவி ஒன்று கண்ணில் குத்திவிட்டது. புண் சீழ் பிடித்து மற்றக் கண்ணுக்கும் பரவியது. அன்று இதற்கு மருந்து கிடையாது. ஐந்து வயதுக்குள் இரு கண்களிலும் பார்வை முற்றிலும் போய்விட்டது.

அக்காலத்தில் பார்வையற்ற ஏழைக் குழந்தைக்குப் பெரும்பாலும் காத்திருந்தது பிச்சைப் பாத்திரம்தான். ஆனால் ஊர்ப் பங்குத்தந்தை அருள்பணி ஜாக் பலுய் சிறுவனை அழைத்து வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பின்னர் ஊர்ப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைக்கவும் வழி செய்தார். காதால் கேட்டே முன்னணியில் நின்ற அந்தப் பையன், 1819 பிப்ரவரியில், பத்து வயதில், பாரிசிலிருந்த பார்வையற்ற இளையோருக்கான அரசுப் பள்ளியில் சேர்க்கப்பட்டான். வாலண்டின் ஆயுய் என்பவர் தொடங்கிய பள்ளி அது.

பள்ளி இயங்கிய கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது முன்பு புனித ஃபிர்மின் குருமடமாக இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது சிறையாக மாற்றப்பட்டு, 1792 செப்டம்பரில் அங்கே அடைக்கப்பட்டிருந்த அருள்பணியாளர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் 1926இல் அருளாளர்களாக உயர்த்தப்பட்டனர். லூயி அங்கே வந்தபோது அது ஈரம் ஊறிய, வெளிச்சமும் காற்றும் குறைந்த பழைய கட்டடம். பின்னாளில் அவரை வாட்டிய காசநோய்க்கு அந்தக் கட்டடமும் ஒரு காரணம் என்றே பலர் கருதுகின்றனர்.

அப்பள்ளியில் இசைக்கு முக்கிய இடம் இருந்தது. பார்வையற்றவர் ஒருவர் கௌரவமாகப் பிழைக்க அன்றிருந்த வழிகளில் ஆலய ஆர்கன் வாசிப்பும் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பதும் முதன்மையானவை. லூயியும் செல்லோவும் ஆர்கனும் கற்றார். ஆனால் எப்படிக் கற்றார்? பார்வையுள்ள ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும். கேட்டு மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மறந்துவிட்டால் மறுபடியும் ஒருவரைத் தேடிப் போக வேண்டும். ஆயுய் அச்சிட்ட நூல்களில் சாதாரண எழுத்துகளே காகிதத்தில் புடைத்து நிற்கும்படி அழுத்தப்பட்டிருந்தன. இசைக்கும் அதே கதைதான்: ஐந்து கோடுகள், அவற்றின் மேல் சுரங்கள், எல்லாம் புடைப்பாக. கண் ஒரே பார்வையில் பிடித்துக்கொள்ளும் அந்தப் படத்தை விரல் நுனி ஒவ்வொரு கோடாகத் தடவித் தேட வேண்டியிருந்தது. நூல்களோ கனமானவை, மிகச் சிலவே. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அம்முறையில் படிக்க ஓரளவு முடிந்தாலும் மாணவர்களால் எழுத முடியாது என்பதே. மனத்தில் ஒரு மெட்டு தோன்றினால் அதைத் தாமே குறித்து வைக்க ஒரு வழியும் இல்லை.

1821இல் சார்ல் பார்பியே என்ற முன்னாள் படை அதிகாரி தாம் உருவாக்கிய புள்ளி எழுத்தை அப்பள்ளிக்குக் கொண்டுவந்தார். ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை. விரலுக்குப் புள்ளி எளிதாகப் பிடிபடுகிறது என்பதை மாணவர்கள் உடனே உணர்ந்தார்கள். எழுதவும் முடிந்தது. ஆனால் குறி உயரமாக இருந்ததால் ஒரே தொடுதலில் விரல் நுனிக்குள் அடங்கவில்லை. அது ஒலிகளை மட்டுமே குறித்ததால் சரியான எழுத்துக்கூட்டலுக்கு வழியில்லை. நிறுத்தற்குறிகள் இல்லை. இசைக்கு எதுவுமே இல்லை. அப்போது லூயிக்குப் பன்னிரண்டு வயது. அடுத்த மூன்றாண்டுகள், வகுப்பு முடிந்த நேரங்களிலும் விடுமுறைகளிலும் அவர் இதையே திருத்தித் திருத்திப் பார்த்தார். 1824இல், பதினைந்து வயதில், ஆறு புள்ளிகள் கொண்ட முறை உருப்பெற்றுவிட்டது. இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. இவற்றைச் சேர்த்தும் விட்டும் 63 குறிகள் அமைக்கலாம். ஒவ்வொன்றும் விரல் நுனிக்குள் அடங்கும். எழுதுவதற்கு ஒரு சட்டமும் ஒரு குத்தூசியும் போதும். கண்ணைப் பறித்த கருவியின் சாயலிலேயே எழுதுகோல் அமைந்தது என்று அவரைப் பற்றி எழுதும் எல்லாரும் குறிப்பிடுவார்கள். நாமும் குறிப்பிட்டுவிட்டு மேலே செல்வோம்.

இசைக்கு அவர் செய்தது இன்னும் நுட்பமானது. 1829 நூலில் தந்த இசைக் குறியீட்டோடு அவர் நிறைவடையவில்லை. 1830களில் அதைச் செம்மைப்படுத்தினார். பின்னர் 1888இல் கொலோன் நகரில் பல நாட்டினர் கூடி ஒழுங்குபடுத்தினர். அந்த அடிப்படையே இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. நம் பங்குப் பாடற்குழுவினர் சற்றுப் பொறுமையாகப் படித்தால் எளிதில் விளங்கும் என்பதால் அதைக் கொஞ்சம் விளக்குகிறோம்.

ஐந்து கோடுகளை அவர் முற்றிலும் விட்டுவிட்டார். அதுதான் முதல் துணிச்சல். கோட்டின் மேலே, கீழே என்பது கண்ணுக்கான மொழி. விரல் இடமிருந்து வலமாக ஒரே வரியில் நகரும். ஆகவே இசையும் ஒரு வரி எழுத்தாகவே அமைய வேண்டும். பிரெய்ல் எழுத்து வரிசையில் முதல் பத்து எழுத்துகள் மேலே உள்ள நான்கு புள்ளிகளால் மட்டுமே ஆனவை. அவற்றில் டி முதல் ஜே வரை உள்ள ஏழும் தோ, ரே, மீ, ஃபா, சோல், லா, சீ என்ற ஏழு சுரங்களாயின. கீழே இரண்டு புள்ளிகள் காலியாக இருக்கின்றன அல்லவா? அவை கால அளவைச் சொல்லும். இரண்டுமே இல்லாவிட்டால் அரைக்கால் சுரம். வலப்பக்கப் புள்ளி மட்டும் இருந்தால் கால் சுரம். இடப்பக்கப் புள்ளி மட்டும் என்றால் அரைச் சுரம். இரண்டும் இருந்தால் முழுச் சுரம். எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் ஒரே தொடுதலில் விரல் அறிந்துகொள்கிறது.

நான்கு கால அளவுகள் போதுமா என்று கேட்கலாம். முழுச் சுரத்துக்கான அதே குறி, நம் முன்னோர் மாகாணி என்று சொன்ன பதினாறில் ஒரு பங்குச் சுரத்தையும் குறிக்கும். குழப்பம் வராதா? வராது. நான்கு அடி கொண்ட ஒரு பாரில் அந்தக் குறி ஒன்றே ஒன்று இருந்தால் அது முழுச் சுரம். பதினாறு இருந்தால் அவை மாகாணிகள். பதினாறு முழுச் சுரங்கள் ஒரு பாருக்குள் அடங்க வழியில்லை. படிப்பவர் பாரின் கணக்கைக் கூட்டிப் பார்த்தே தெளிவார். பிழை நேர்ந்தாலும் அந்தக் கணக்கே காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது ஸ்தாயி. கீழே ஒரு தோ, மேலே ஒரு தோ, எதை வாசிப்பது? இதற்குச் சுரத்தின் முன்னே ஒரு தனிக் குறி இடப்படுகிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் அதை இட்டால் பக்கம் இரட்டிப்பாகும். எனவே ஒரு விதி: முந்திய சுரத்திலிருந்து ஓரிரண்டு படிகளே நகர்ந்தால் குறி வேண்டாம், நெடுந்தூரம் தாவினால் கட்டாயம் வேண்டும், நடுத்தரமான தாவலுக்கு, ஸ்தாயி மாறினால் மட்டும் வேண்டும். பாடலின் முதல் சுரத்துக்கும், ஒவ்வொரு புதிய வரியின் முதல் சுரத்துக்கும் எப்போதும் உண்டு. இந்தக் கடைசி விதியின் அருமை அனுபவத்தில்தான் தெரியும். நடுவில் ஒரு குறியைத் தவறவிட்டு மெட்டு ஸ்தாயி மாறிப் போனாலும், அடுத்த வரித் தொடக்கத்தில் விரல் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இன்று கணினியில் இசைத்தாள் தயாரிப்போரில் ஒரு சாரார் சுட்டியால் சுரங்களை இழுத்து வைப்பதில்லை. எழுத்தாகவே தட்டச்சு செய்கிறார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த இருவர் 1996இல் தொடங்கிய லில்லிபாண்ட் என்ற இலவச மென்பொருள் இவ்வகையில் பெயர் பெற்றது. அதில் சுரத்துக்கு ஓர் எழுத்து, கால அளவுக்கு ஓர் எண், ஸ்தாயி ஏற ஒரு மேற்குறி, இறங்க ஒரு காற்புள்ளி என்று வரியாக எழுதிக் கொடுத்தால், அழகாக அச்சிடத்தக்க ஐந்து கோட்டுத் தாளை மென்பொருளே வரைந்து தருகிறது. முந்திய சுரத்தை ஒட்டி எழுதும் ஒரு முறையும் அதில் உண்டு. அருகிலுள்ள சுரத்துக்குக் குறி வேண்டாம், தூரத் தாவலுக்கு மட்டும் வேண்டும். பிரெய்லின் இசை எழுத்தில் கண்ட அதே சிக்கனம். சிக்கலும் அதேதான். ஒரு மேற்குறி விட்டுப்போனால் அதன் பிறகு வரும் பாடல் முழுவதும் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி நிற்கும். புதிதாகப் பழகுவோர் தாளைப் பார்த்துத் திகைப்பது பெரும்பாலும் இங்கேதான். பிழை தெரியும் இடத்தில் தேடிப் பயனில்லை. மெட்டு எங்கே முதலில் விலகியது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். இதற்காகவே, இந்தச் சுரம் இன்ன ஸ்தாயியில்தான் இருக்க வேண்டும் என்று இடையிடையே சரிபார்ப்புக் குறி இடலாம். ஒவ்வொரு பாரின் முடிவிலும் நெடுங்கோடு இட்டுவைத்தால், அடிகள் கூடினாலோ குறைந்தாலோ மென்பொருள் எச்சரிக்கும். பார்க் கணக்கு, வரித் தொடக்கக் குறி என்று பிரெய்ல் இசை விரலுக்குத் தந்த காவல்களே இங்கே கணினிக்குத் தரப்பட்டிருக்கின்றன. லில்லிபாண்டை உருவாக்கியவர்கள் பிரெய்லைப் பார்த்துச் செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. இசையை ஒரே வரி எழுத்தாக்க முயல்வோர் எல்லாரும் இந்த இடங்களில் வந்து நின்றாக வேண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

மீண்டும் பாரிசுக்கு வருவோம். 1833இல் பிரெய்ல் தாம் படித்த பள்ளியிலேயே முழுநேர ஆசிரியரானார். 1834 முதல் 1839 வரை புனித நிக்கோலாஸ் தெ ஷான் ஆலயத்திலும், பின்னர் புனித வின்சென்ட் தெ பால் ஆலயத்திலும் ஆர்கன் வாசித்தார். ஆர்கன் வாசிப்பவருக்கு இரு கைகளும் இரு கால்களும் வேலையில் இருக்கும். எனவே வாசித்துக்கொண்டே விரலால் படிப்பது முடியாத காரியம். முன்கூட்டியே படித்து மனப்பாடம் செய்தாக வேண்டும். வலக்கைப் பகுதி தனியாக, இடக்கைப் பகுதி தனியாக; ஒரு கை படிக்க மறு கை வாசித்துப் பழகும். ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்களையும் வரியில் அடுக்கியாக வேண்டுமே! வலக்கைக்கு மேல் சுரத்தை மட்டும் எழுதி மற்றவை எத்தனை படி கீழே என்பதையும், இடக்கைக்கு அடிச் சுரத்தை எழுதி மற்றவை எத்தனை படி மேலே என்பதையும் குறிக்கும் வழக்கம் இன்று உள்ளது. மனப்பாடம் செய்யும் உழைப்பு குறையவில்லை. ஆனால் வாசித்துக் காட்ட ஓர் ஆள் வருவதற்காகக் காத்திருக்கும் நிலை போயிற்று. நள்ளிரவில் ஐயம் வந்தாலும் எழுந்து தாளைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பார்வையற்றவருக்கு விளக்குகூட வேண்டியதில்லை.

இத்தனை பயன் கண்ட பிறகும் அந்த எழுத்துக்கு எதிர்ப்பு வந்தது. அதுவும் அந்தப் பள்ளிக்குள்ளிருந்தே வந்தது. பிரெய்லுக்குத் துணை நின்ற இயக்குநர் பிஞ்ஞியே 1840இல் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். அடுத்து வந்த துஃபோ புள்ளி எழுத்தை ஒதுக்கிவிட்டுப் புடைப்பு எழுத்து நூல்களையே மீண்டும் கொண்டுவந்தார். பார்வையுள்ளோர் படிக்கும் அதே எழுத்தைப் பார்வையற்றோரும் படித்தால்தான் அவர்கள் சமூகத்தோடு ஒன்றியிருப்பார்கள் என்பது அன்றைய பலரின் எண்ணம். கேட்பதற்கு நல்லெண்ணமாகத்தான் தெரியும். ஆனால் யார் படிக்க வேண்டுமோ அவர்களது விரலைக் கேட்காமல் எடுத்த முடிவு அது. மாணவர்களோ மறைவாகப் புள்ளிகளில் எழுதுவதை விடவில்லை. துணை இயக்குநர் குவாதே இதைக் கவனித்து, தடுக்க முடியாததைத் தடுப்பதைவிட ஏற்பதே முறை என்று துஃபோவின் மனத்தை மாற்றினார். 1844 பிப்ரவரி 22ஆம் நாள், பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவில், பொதுமக்கள் முன்னிலையில் பிரெய்ல் முறை செய்து காட்டப்பட்டது. ஒரு குழந்தை சொல்லக் கேட்டு எழுத, வெளியே சென்றிருந்த மற்றொரு குழந்தை வந்து தொட்டுப் படித்தது. அரங்கில் பிரெய்லும் இருந்தார்.

அதற்குள் காசநோய் அவரை வெகுவாகத் தின்றுவிட்டிருந்தது. பாடம் நடத்தக் குரல் ஒத்துழைக்காத நாட்களிலும் இசைப் பாடத்தை அவர் எளிதில் விடவில்லை. 1852 சனவரி 6ஆம் நாள், மூன்று அரசர்கள் திருநாளன்று, இறுதி அருளடையாளங்களைப் பெற்று இறைவனடி சேர்ந்தார். 43ஆம் பிறந்த நாள் கழிந்து இரண்டே நாட்கள் ஆகியிருந்தன. பிரான்சில் அவரது எழுத்து அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்டது 1854இல்தான். நம் நாட்டில் தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கெனப் பாரதி பிரெய்ல் 1951இல் ஏற்கப்பட்டது. மறு ஆண்டு, இறந்து நூறு ஆண்டுகள் நிறைவுற்றபோது, கூப்வ்ரே கல்லறையிலிருந்த அவரது உடல் பாரிஸ் பாந்தியோனுக்கு மாற்றப்பட்டது. கைகளை மட்டும் தங்களிடமே வைத்துக்கொள்ள ஊர் மக்கள் விரும்பினார்கள். அவை ஒரு சிறு பேழையில் இன்றும் கூப்வ்ரேயில் உள்ளன.

அவர் பள்ளியிலிருந்து வந்த ஆர்கன் கலைஞர்களின் பட்டியல் நீளமானது. பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தில் 1900 முதல் வாசித்து, 1937இல் அந்த ஆர்கன் முன் அமர்ந்தபடியே உயிர்நீத்த லூயி வியேர்ன் அப்பள்ளி மாணவர். புனித குளோத்தில்த் ஆலயத்தில் பல பத்தாண்டுகள் வாசித்த ஜான் லாங்லே 1907இல் பிறந்து 1991இல் மறைந்தார். இரண்டு வயதிலேயே பார்வை இழந்த அவர் ஆர்கனுக்கும் பாடற்குழுவுக்கும் ஏராளமான திருவழிபாட்டு இசை எழுதினார். எழுதியது பிரெய்லில்தான்.

இன்றுள்ள குறை வேறு. அச்சில் வரும் இசையில் சிறு பங்குதான் பிரெய்லுக்கு மாற்றப்படுகிறது. பதிப்புரிமைத் தடையைத் தளர்த்தும் மாரக்கேஷ் உடன்படிக்கை 2013இல் உருவானது. அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா, 2014இல். அந்த உடன்படிக்கை இசைக் குறியீடுகளையும் உள்ளடக்குகிறது. சட்டம் வழிவிட்டாலும் வேலையை யாராவது செய்ய வேண்டும். பங்கில் பார்வையற்ற பாடகரோ ஆர்கன் வாசிப்பவரோ இருந்தால், பாடற்குழுப் பொறுப்பாளர்கள் இதைக் கவனிக்கலாம். இசைத்தாளைப் படம் பிடித்து அனுப்பினால் அது அவருக்குப் பயன்படாது. திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு அது வெறும் படம். லில்லிபாண்டில் எழுதிய எழுத்துக் கோப்பை அனுப்பினால், எழுத்து என்பதால் அவர் அதைத் தம் கணினியில் கேட்டோ, புள்ளிகள் எழும்பும் பிரெய்ல் பலகையில் தொட்டோ படிக்க முடியும், திருத்தவும் முடியும். வேறு மென்பொருளில் செய்திருந்தால் மியூசிக் எக்ஸ்எம்எல் என்ற வடிவில் சேமித்துக் கொடுக்கலாம். அதைப் பிரெய்ல் இசையாக மாற்றும் மென்பொருள்கள் இருக்கின்றன. மாற்றியதை ஒருமுறை விரலால் சரிபார்க்க வேண்டியிருக்கும். குறிப்பாக ஸ்தாயிக் குறிகளை.